இடப்பக்கம் சாய்ந்த லாரி

என் அண்ணிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதே எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடுவார். டிவி பார்த்துக்கொண்டே துணி மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை எடைமேடையில். ஊருக்கு வெளியே சரக்குக் கிடங்குகள் வரிசையாக இருக்கும் சாலையில், லாரிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும் மேடை அது. அதன் தலைமாட்டில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அண்ணி அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். லாரி ஏறும். திரையில் எண் ஓடி நிற்கும். பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைச் சன்னல் வழியே நீட்ட வேண்டும். பதினோரு வருடமாக இதுதான்.

அவளை ஒரு இடத்தில் உட்கார வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்களே, அவர்கள்தான் தைரியசாலிகள் என்பான் என் அண்ணன். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அண்ணிக்கு நேர் எதிர். தலைக்கு மேல் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ரகம். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், மருந்துக்கடையில் வேலை. ஆகவே இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, பாதி அண்ணி வாயால் கேட்டது.

மகள் படிப்புக்காக விடுதியில் சேர்ந்த வாரம், அண்ணி பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். அவள் சின்ன வயதில் விளையாடிய பொம்மைக் கட்டைகள். ஒன்றின் குமிழில் இன்னொன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளுமே, அவை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் இறக்கினார். கொடுப்பதற்கு முன் நிறம் நிறமாகப் பிரிக்கலாம் என்று தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம் நான் கீழே போனபோது சாக்கு அப்படியே இருந்தது. தரையில் ஆறு சக்கரத்தோடு ஒரு லாரியின் அடிச்சட்டம் நின்றது. மறுநாள் அதைக் கலைத்துவிட்டார். பின் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையாம்.

அப்படித் தொடங்கியது. எடைமேடையில் ஒரு நாளைக்கு எண்பது லாரியைப் பார்க்கிறவர், மதிய இடைவேளையில் அளவு நாடாவோடு கிடங்கு முற்றத்தில் இறங்கினார். எந்த லாரியையும் சக்கரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டைகளை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆனால் ரப்பர் சக்கரம் கடையில் கிடைக்கிற அளவில்தான் கிடைக்கும். அண்ணியிடம் இருந்த சக்கரம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நிஜ லாரிச் சக்கரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் மற்ற எல்லாமே பதினேழில் ஒரு பங்கு. எங்கள் குடும்பத்தில் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கப் பழகினோம். வெறுங்காலில் அந்தக் கட்டையை மிதித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எதற்கும் அசையாத அண்ணன்கூட ஒருமுறை சமையலறையிலிருந்து வாசல் வரை ஒற்றைக் காலில் போனான்.

விஷயம் டிரைவர்களுக்குத் தெரிந்தது. ஒருவர் தன் வண்டியைச் செய்து தரச் சொன்னார், பிறகு இன்னொருவர். கடையில் கிடைக்கிற பொம்மை எல்லா லாரிக்கும் பொதுவானது. அண்ணி செய்வது அந்த ஒரே லாரியை. பம்பரில் நசுங்கல் இருந்தால் அங்கே ஒரு கட்டை பாதிக் குமிழ் உள்ளே தள்ளியிருக்கும். கண்ணாடியைக் கம்பியால் கட்டியிருந்தால் அங்கே நூலளவு கம்பி சுற்றியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கும். ஒரு டிரைவர் தன் வண்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாராம். பழக்கதோஷம்.

அந்த டிரைவர்களில் ஒருவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு சக்கரத் திறந்த லாரி ஓட்டுகிறவர். சைக்கிள்காரனுக்கும் வழிவிட்டுப் போகிறவர் என்று கேலி செய்ய வைத்த பெயர் அது, அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் அண்ணியை அக்கா என்பார், அண்ணி அவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை. அவரும் தன் லாரியைக் கேட்டார். வெயிலில் வெளுத்த செம்மஞ்சள் நிறம். அந்த நிறத்தில் கட்டை கிடைக்கவில்லை. அண்ணி வாங்கிய புதுக் கட்டைகளை மொட்டைமாடி வெயிலில் வாரக்கணக்காகக் காயப் போட்டார். துணி காயப் போடப் போகும் நான் அவற்றைத் திருப்பிப் போட வேண்டும். இதற்கிடையில் அடிச்சட்டமும் அச்சுகளும் சரக்குத் தளமும் முடிந்துவிட்டன. கேபின் மட்டும் பாக்கி.

அப்போதுதான் அது நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி வாக்கில் நிதானம் எடைமேடை ஏறினார். லாரியில் மூன்று இரும்புத் தகட்டுச் சுருள்கள். பாய் சுருட்டியதுபோல் உருளையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஏழு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உருளாமலிருக்க ஒவ்வொரு சுருளுக்கும் இருபுறமும் மர ஆப்பு வைத்துச் சங்கிலி போட்டிருப்பார்கள். மொத்த எடை முப்பத்திரண்டரை டன். அனுமதித்த அளவுக்குள்தான். ஆனால் லாரி நேராக நிற்கவில்லை. அண்ணியின் சன்னலிலிருந்து பார்த்தால் லாரிக்குப் பின்னால் ஒரு மின்கம்பம் தெரியும். அந்தக் கம்பத்தோடு ஒப்பிட்டால் லாரி இடப்பக்கம் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் அதிகமாகவே பிதுங்கியிருந்தன. பதினேழில் ஒரு பங்காக அதே லாரியைத் தினமும் கையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது தெரியாமல் போகாது.

சீட்டை வாங்கிக்கொண்டு நிதானம் வழக்கம்போலக் கேட்டார், "எல்லாம் சரியா இருக்கா அக்கா?"

"எடை சரியா இருக்கு அண்ணே" என்றார் அண்ணி.

பின்னால் நான்கு லாரி காத்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்து, நகரத்துக்கு முந்திய வலப்பக்க வளைவில் அந்த லாரி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. நல்லவேளை, வேறு யார் மேலும் விழவில்லை. நிதானத்துக்குத் தோள் எலும்பும் முழங்காலும் உடைந்தன. வளைவில் வேகமாகத் திருப்பியதுதான் காரணம் என்று, லாரிக்கும் எடைமேடைக்கும் சொந்தமான கிடங்கு நிறுவனம் விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. இதைக் கேட்டு மற்ற டிரைவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்களாம்.

அதற்குப் பிறகு அண்ணி வீட்டில் நடந்துகொண்டே இருந்தார். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மொட்டைமாடி. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார். அரைகுறை லாரி அலமாரி மேல் ஒரு துண்டால் மூடிக் கிடந்தது. கட்டைகள் மாடியில் வெயிலிலேயே கிடந்தன. நான் திருப்பிப் போட்டேனா என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் நான்தான் பேச்சை எடுத்தேன். மாடிப்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாரு. நான் எடைய மட்டும் சொன்னேன்."

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். நிதானத்தின் மனைவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன், அதற்குமேல் போகவில்லை, வண்டி தானாகப் படுத்துக்கொண்டது என்றார் நிதானம். ஆனால் சுருள்கள் சாலையில் உருண்டு, ஆப்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்ததால் ஏற்றியது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா என்று அந்த அம்மாள் அண்ணியிடம் கேட்டிருக்கிறார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து வந்துவிட்டார். அன்று எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. ஆறு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

அந்த ஞாயிறு மதியம் என்னைக் கீழே கூப்பிட்டார். துண்டு எடுக்கப்பட்டு லாரி மேசை மேல் நின்றது. கேபின் இருக்க வேண்டிய இடத்தில் அதே எடைக்குக் கட்டைகளை அடுக்கி ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். பக்கத்தில் சமையலறைத் தராசு. நிஜ லாரி வெறுமையாகப் பன்னிரண்டு டன், சரக்கு இருபதரை டன். இந்த லாரி ஒரு கிலோ இருநூறு கிராம். அப்படியானால் சரக்கு இரண்டு கிலோவும் ஐம்பது கிராமும். இரும்புக்கடைக் கம்பியைச் சுற்றிச் சுற்றி மூன்று சுருள் செய்திருந்தார். உள்ளங்கையில் கம்பி கீறிய கோடுகள். ரப்பர் துண்டை வெட்டிச் சின்னச் சின்ன ஆப்புகள், சுருளைக் கட்டப் பொடிச் சங்கிலிகள்.

அலமாரித் தட்டு ஒன்றைக் கழற்றி அதன்மேல் லாரியை நிறுத்தினார். சறுக்காமலிருக்க ஓரத்தில் ஒரு மெல்லிய சட்டம். வளைவில் லாரியை வெளிப்பக்கம் தள்ளுகிற விசையும், தட்டைப் பக்கவாட்டில் தூக்கினால் வருகிற இழுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நான் தட்டைத் தூக்க வேண்டும். அண்ணன் லாரி விழுந்தால் பிடிக்க வேண்டும். அண்ணி, மகளின் பாகைமானியை வைத்துக் கோணம் பார்ப்பார்.

மூன்று சுருளையும் நடுவில் வைத்து ஆறு ஆப்பும் வைத்தபோது இருபத்தாறு பாகையில் விழுந்தது. ஐந்து முறையும் ஏறக்குறைய அதேதான். சுருள்களை ஒரு குமிழ் இடப்பக்கம் தள்ளி வைத்தபோது இருபத்திரண்டு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரிக்கு அந்த வளைவு பத்து பாகைக்குமேல் வராது என்று அண்ணி முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"அப்ப சாஞ்சதால மட்டும் விழல" என்றான் அண்ணன், லாரியை மடியில் வைத்துக்கொண்டு.

அண்ணி கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தார். சன்னல் வரை போனார், வந்தார். பிறகு கடைசிச் சுருளின் இடப்பக்க ஆப்பை மட்டும் எடுத்தார். எடுத்ததுமே சுருள் மெல்ல அரைக் குமிழ் நகர்ந்து சங்கிலியில் சாய்ந்து நின்றது. லாரி இடப்பக்கம் ஒரு நூல் இறங்கியது. அண்ணி குனிந்து அதை முன்பக்கத்திலிருந்து பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. "இதேதான்" என்றார். நான் தட்டைத் தூக்கினேன். ஒன்பது பாகைகூட வரவில்லை. சுருள் சங்கிலியைத் தாண்டி ஓரத்துக்கு உருண்டது, லாரி அண்ணன் கையில் விழுந்தது.

சாயங்காலம் வரை அதைப் பதினைந்து முறை விழ வைத்தோம். பிறகு அண்ணன் சொன்னான். அவன் இவ்வளவு நேரம் விழித்திருந்ததே பெரிது.

"விசாரணைக்கு உன்னக் கூப்பிடறது எடைச் சீட்டு உன்னோடதான்னு சொல்றதுக்கு. உன் வேலை எடை. சாய்வு இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா."

"எடைய மட்டும் சொல்லித்தாங்க இப்படி ஆச்சு" என்றார் அண்ணி.

அண்ணன் லாரியைப் பயணப் பைக்குள் வைக்க, அது அசையாதபடி தன் பழைய சட்டைகளைச் சுற்றி அடுக்கிக் கொடுத்தான்.

விசாரணை அறையில் நடந்ததை அண்ணியும் சொன்னார், பின்னால் நிதானமும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன். மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, கையைத் தூக்கிக் கட்டியபடி நிதானம், சரக்கேற்றும் மேஸ்திரி, அண்ணி. எடைச் சீட்டைக் காட்டி உங்களுடையதா என்றார்கள். ஆமாம் என்றார். போகலாம் என்றார்கள். அண்ணி போகாமல் பையைத் திறந்து லாரியை மேசைமேல் வைத்தார். இது விளையாட்டுச் சாமான் காட்டுகிற இடமில்லை என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்பு அதிகாரி குனிந்து ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் அழுத்திப் பார்த்ததால் மேலாளர் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னார். "வண்டி எடப்பக்கம் சாஞ்சிருந்தத நான் பாத்தேன் சார். இந்த அண்ணன் கேட்டப்ப சொல்லல."

அதைப் பார்ப்பது உங்கள் வேலை இல்லை என்றார் மேலாளர். வேலையோ இல்லையோ, பார்த்தது நான்தான் என்றார் அண்ணி.

பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். அவர் இருபது வருடமாகச் சரக்கேற்றுகிறவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். சுருளையும் ஆப்பையும் அவர் முன்னால் வைத்து, அன்றைக்கு ஏற்றியதுபோலவே வைத்துக் காட்டச் சொன்னார். குற்றம் சாட்டவில்லை; வழி கேட்பதுபோல்தான் கேட்டாராம். மேஸ்திரி வேண்டாவெறுப்பாக முதல் சுருளை வைத்தார், இருபுறமும் ஆப்பு. இரண்டாவது சுருள், இருபுறமும் ஆப்பு. வைக்க வைக்கக் கை வேலையில் இறங்கிவிட்டது. சுருளைக் கொஞ்சம் திருப்பி, தட்டி, நேர் பார்த்து வைத்தார். மூன்றாவது சுருளுக்கு வலப்பக்கம் ஆப்பு வைத்தார். இடப்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது. ஆறாவது ஆப்பு விரல் நடுவே இருந்தது. வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"அன்னிக்கு அஞ்சுதான் இருந்துச்சு" என்றார். "ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்புனேன். அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துருச்சு. சங்கிலி தாங்கும்னு விட்டுட்டேன்."

தட்டைத் தூக்கிக் காட்டத் தேவைப்படவே இல்லை. சங்கிலி போட்டபோது நானும் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று நிதானம் தானாகவே ஒரு வார்த்தை சேர்த்தார். அது அவர் குணம்.

வேகமாக ஓட்டினார் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். வைத்தியச் செலவும் நின்றிருந்த சம்பளமும் வந்தன. மேஸ்திரியை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அண்ணிக்கு, சீட்டு கொடுப்பதற்கு அப்பாற்பட்ட விஷயங்களில் தலையிட வேண்டாம் என்று ஒரு கடிதம் வந்தது. அதே நிறுவனம் நான்கு மாதம் கழித்து, எடை போடும் முன் ஊழியர் லாரியைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பலகை மாட்டியது. இப்போது அண்ணி ஒவ்வொரு லாரியையும் சுற்றி வருகிறார். ஒரு நாளைக்கு எண்பது சுற்று. வெயிலில் முகம் கறுத்துவிட்டது, முட்டி வலிக்கிறது என்கிறார், ஆனாலும் விடுப்பு எடுப்பதில்லை.

நிதானம் குச்சி ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முடித்த லாரியை அண்ணி கொடுத்தபோது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். மூன்று சுருளையும் எடுத்துத் திரும்பக் கொடுத்தார். "இது வேணாங்க்கா. காலியாவே இருக்கட்டும்." நிறம் நன்றாக வந்திருக்கிறது என்றார். நெடுந்தூரம் ஓட்ட முழங்கால் இடம் கொடுக்காததால் முற்றத்துக்குள்ளேயே லாரிகளை நகர்த்தி நிறுத்துகிற வேலை பார்க்கிறார்.

மேஸ்திரிதான் பேசுவதில்லை. தண்டனை முடிந்து வந்தபின் அண்ணி இருக்கும் பக்கம் பார்க்காமல் போகிறார். ஒருமுறை அண்ணி வழிமறித்து ஏதோ சொல்லப் போயிருக்கிறார். "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலம்மா, வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அது அண்ணியைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று சொன்னவர்கள் யார் என்று என்னிடம் ஒருநாள் கோபமாகக் கேட்டார், நான்தான் சொன்னதுபோல. அமைதியாகிவிடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். ஆகவில்லை. இப்போது சாலையில் போகிற பேருந்து, பள்ளி வேன், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் சாய்ந்திருக்கிறதா என்று நின்று பார்க்கிறார். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டு ஒரு வேனைப் பார்க்க நடுச்சாலையில் நின்றுவிட்டார். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

இந்த மாதம் ஒரு பால் லாரி செய்கிறார். டாங்கிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதில் பாதித் தண்ணீர். நிறைந்த டாங்கியை விடப் பாதி டாங்கிதான் ஆபத்து, உள்ளே அலை அடிக்கும் என்று யாரோ டிரைவர் சொன்னதிலிருந்து சமையலறைத் தரை காய்ந்த நாளே இல்லை. கணக்குப் பார்த்துத் தீரவில்லை என்று போன வாரம் அந்தப் பால் லாரி டிரைவரிடமே போய், ஒரு நடை கூட வரட்டுமா என்று கேட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் நிஜ லாரி எதிலும் அவர் ஏறியதே இல்லை. ஏறும்போது படி எட்டாமல் டிரைவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்ததாம்.

நகரத்துக்கு முந்திய அந்த வளைவு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். டிரைவர் மெதுவாகத்தான் திருப்பினார். லாரி திரும்பி முடித்து நேரான பிறகு, ஒரு கணம் கழித்து, பின்னாலிருந்து பால் வந்து முதுகில் தள்ளியதாம். இருக்கையோடு சேர்த்து, யாரோ தோளால் இடிப்பதுபோல.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை எனக்கும் அண்ணனுக்கும் நின்றுகொண்டே சொன்னார். தட்டில் வைத்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கழித்துத் தள்ளியது என்று எண்ண மறந்துவிட்டேன், வியாழக்கிழமை இன்னொரு நடை போகிறேன், நீயும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வா என்றார். நான் மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.